பழைய தேயிலைக்கு வந்த அவசரம்

பட்டணத்துக்காரர்கள் திடீரென்று பழைய வெள்ளைத் தேயிலையைத் தேட ஆரம்பித்ததால், சீனாவின் ஃபூஜியன் மலையிலுள்ள எங்கள் யுன்சி மாவட்டத் தேயிலை அலுவலகம் பொதுநலன் கருதி ஓர் ஆணை பிறப்பித்தது. பழைய தேயிலை உற்பத்தியை நடப்பு ஆண்டுக்குள் இரட்டிப்பாக்க வேண்டும். தவறுவோர் தேயிலை உலர்த்தும் ஆற்றங்கரைக் களம் பறிக்கப்படும்.

வெள்ளைத் தேயிலைக்கு வறுப்பதும் கிடையாது, உருட்டுவதும் கிடையாது. வெயிலும் காற்றும்தான் எல்லாம். களம் போனால் சியூபிங்குக்குப் பிழைப்பு போயிற்று. அவளும் புருஷன் தாவ்ஷெங்கும் வெள்ளி ரோமம் படர்ந்த மொட்டுகளை மூங்கில் தட்டுகளில் பரப்பிக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் லுவோ வந்து, இந்த வருஷம் எவ்வளவு பழைய தேயிலை உற்பத்தி ஆகும் என்று விசாரித்தார்.

"இது பழசாக ஏழு வருஷம் ஆகுமே ஐயா."

"தாராளமா ஆகட்டும்மா. டிசம்பருக்குள்ள ஆகணும், அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல், விளைச்சலில் பெரும்பகுதியை நனைத்து, சாக்கில் கட்டி, அடுப்புப் பக்கத்தில் போட்டுப் புழுக்கினார்கள். அது கறுத்து, ஈர வைக்கோல் போல நாறியது. இலக்கை நிரப்ப, கல்யாணத்துக்கு அப்பா கொடுத்துப் பானையிலேயே இருந்த அசல் பழைய தேயிலையையும் அதோடு சேர்த்து சியூபிங் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். லுவோ இரண்டையும் கொதிக்கவைத்துப் பார்த்தார். புழுக்கியதற்குப் 'பழையது' என்ற முத்திரை கிடைத்தது. அசல், தெளிந்த செந்நிறத்தில் பேரீச்சை மணத்தோடு இருந்தது. அலுவலக மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்பதால் போலி என்று பறிமுதல் செய்யப்பட்டது.

மாதிரி எப்போது செய்தது என்று அவள் கேட்டாள். போன மாதம் என்றார் லுவோ, பெருமையாக.

அவள் காலிப் பானையோடு வீடு திரும்பினாள்.

இலக்கை எட்டியதற்குப் பாராட்ட அலுவலக இயக்குநர் ஓயாங் நேரிலேயே வீட்டுக்கு வந்தார். சிவப்பு ரிப்பனும் உரையும் முடிந்ததும், கூட வந்தவர்களைக் காருக்கு அனுப்பிவிட்டு வயிற்றைத் தடவினார்.

"ஆபீஸ் டீ குடிச்சுக் குடிச்சு வயிறு எரியுதும்மா. வீட்டுல நீங்க குடிக்கிறது ஏதாவது இருந்தா..."

புழுக்காமல் தப்பிய மொட்டு கொஞ்சம் இருந்தது. சியூபிங் கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, கண்ணாடிக் குவளையின் ஓரமாக ஊற்றினாள். மொட்டுகள் நிமிர்ந்து நின்று, மெல்ல இறங்கின. நீரில் நிறமே ஏறவில்லை. ஓயாங் ஒரு வாய் குடித்தார். தோள்கள் தளர்ந்தன. கண் மூடிக்கொண்டது.

"எத்தனை வருஷத்துது?"

"இந்த வசந்தத்துல பறிச்சதுதாங்க."

அவர் குவளையைக் கீழே வைத்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். பார்வை ஜன்னல் வழியே களத்துக்குப் போயிற்று. சியூபிங்கும் களத்தைப் பார்த்தாள்.

"நாக்கு குழறிடுச்சு ஐயா. பதினஞ்சு வருஷம்."

"அதானே பார்த்தேன்." மிச்சத்தையும் குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டு வாங்கினார்.

அவர் கார் மறைந்ததும், அந்த மொட்டுகளைத் தன் கையாலேயே பறித்திருந்த தாவ்ஷெங் தனக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டான். உறிஞ்சினான். யோசித்தான்.

"பதினஞ்சு வருஷம்னா சும்மாவா, சியூபிங்? ருசியிலேயே தெரியுதே."