பெண் பார்க்கப் போனவன் வாங்கிய ஸ்பார்க் பிளக்

பெண்ணின் அப்பா எதைக் கேட்டாலும் "தெரியும் சார்" என்று சொல்லிவிடும் ஒரு வியாதி இருக்கிறது. கல்யாணமாகாத ஆண்களை மட்டுமே தாக்கும். எனக்கு அது ஷார்ஜாவில் வந்தது.

அப்போது நான் துபாயில் கட்டடங்களுக்கு ஏசி டிசைன் செய்யும் எஞ்சினியர். அஜ்மானில் நண்பர்களோடு ரூமில் இருந்தேன். திருச்சியில் அம்மா சல்லடை போட்டுத் தேடியும் அமையாத வரன் ஷார்ஜாவிலேயே அமைந்தது. பெயர் நித்யா. கண் மருத்துவமனையில் வேலை. அவளுடைய அப்பா முத்துராஜ் தூத்துக்குடிக்காரர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் மேனேஜர். கடலைப் பார்த்துக்கொண்டே சம்பாதித்தது போதாமல், பழைய மோட்டார் படகு ஒன்றையும் வாங்கி அஜ்மானில் கட்டிப் போட்டிருந்தார். எஞ்சின் பின்னால் தொங்கும் ரகம் இல்லை. படகின் நடுவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சின். வயதில் எனக்கு அண்ணன்.

"பொண்ணு பாக்குறது, பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் படகுலயே வச்சுக்கிடுவோம் தம்பி. பிளக்கு மட்டும் மாத்தணும். எஞ்சின் பத்தியெல்லாம் உங்களுக்குத் தெரியும்லா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். நானே வாங்கி மாட்டிடறேன்."

(பைக்கில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். அதில் ஒரு தடவை மெக்கானிக்தான் மாற்றினார்; நான் டார்ச் பிடித்தேன்.)

பழைய பிளக் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதன் எண் பாதி அழிந்திருந்தது. "மரை, நீளம் ரெண்டும் பாத்து வாங்குங்க. இதே கிடைக்கலன்னா ஒரு போன் அடிங்க" என்றார்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே மாஃபி, பாய்" என்றார். இல்லையாம். அதே மரை, அதே நீளத்தில் வேறு கம்பெனி பிளக்குகளை எடுத்துப் பரப்பினார். "ஹாட் ஹை, மீடியம் ஹை, கோல்ட் ஹை. கோன்ஸா?" எது வேண்டுமாம்.

போன் அடிக்க வேண்டிய இடம் அதுதான். கை பாக்கெட் வரை போனது. 'இதுகூடத் தெரியாதா தம்பிக்கு?' என்று அவர் நினைத்துவிட்டால்? வெளியே பார்த்தேன். அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ச் சூட்டுக்கு எஞ்சின் குளிர்ச்சியாக இருக்க வேண்டாமா? குளிர்ச்சி என் தொழில் அல்லவா?

"கோல்ட். இருக்கிறதிலேயே ரொம்ப கோல்ட்."

"அது ரேஸ் காடிக்குப் போடறது, பாய்" என்று இந்தியில் சொன்னார். ரேஸ் என்றதும் எனக்கு இன்னும் பிடித்துப் போனது.

விடுமுறை நாளில், எல்லார் கண்ணும் பார்த்திருக்க, நானே பிளக்குகளை மாட்டினேன். முதல் முறையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. "கைராசிக்காரர்!" என்றார் முத்துராஜ். நித்யாவின் அம்மா வசந்தா ஆன்ட்டி கேசரி நீட்டினார். கரைக்கருகில் மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதால், படகு கழிமுகத்தில் ஊர்ந்தது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். நித்யா தன்னுடையதை இழுத்துக் கட்டிக்கொண்டே, "யூ நோ ஸ்விம்மிங்?" என்றாள்.

"தெரியும்." (தெரியாது. அவளும் நம்பியதாகத் தெரியவில்லை.)

கடல் வாயை நெருங்கும்போது எஞ்சினின் குரல் மாறியது. சீராக ஓடியது இடையிடையே ஒரு அடியை விழுங்கியது. கேட்டும் கேட்காதவன் மாதிரி கேசரியைப் பாராட்டினேன். பிறகு அது இருமியது. படகு மொத்தமாக உதறியது. அப்புறம் சத்தமே இல்லை.

எஞ்சின் நின்ற பிறகுதான் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது தெரிந்தது. கடல் வற்றும் நேரம், கழிமுகத்து நீர் முழுக்கக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களையும் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போனது. எதிரே அலைத்தடுப்புப் பாறைகள். அவற்றில் மோதி நுரை தெறிப்பதும், பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளும் தனித்தனியாகத் தெரிந்தன.

முத்துராஜ் சாவியைத் திருப்பினார். உறுமியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை.

"நங்கூரத்தைப் போடுங்க தம்பி! சீக்கிரம், யல்லா, யல்லா!"

போட்டேன். கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. நங்கூரம் அடிமணலில் இழுபட்டது, படகு நிற்கவில்லை. வசந்தா ஆன்ட்டி கேசரி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "முருகா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கயிறு வெடுக்கென்று விறைத்தது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. துடுப்பை நீட்டினால் பாறையைத் தொடலாம்.

பெட்டியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. "யாரும் ஸ்விட்ச்ச தொடாதீக!" என்றார் முத்துராஜ். வாடை அடங்கும்வரை காத்திருந்தோம். கயிறு மட்டும் முறுக்கேறி முனகிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒரு பிளக்கைக் கழற்றினார். கரிபிடித்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன பிளக்கு?"

"கோல்ட் சார். சூட்டுக்கு நல்லதுன்னு..."

"வெயில் சூட்டுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? பிளக்கு நுனி சூடானாத்தான் மேல படியுற கரி எரியும். கோல்டு போட்டா நுனி சீக்கிரம் ஆறிரும். மெதுவா ஓட்டினா கரி அடைச்சிரும்." அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்.

நித்யா கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தையும் டிஷ்யூவையும் எடுத்து நீட்டினாள். ஆடுகிற படகில் முழங்காலிட்டு ஒவ்வொரு பிளக்காகத் துடைத்துச் சுரண்டினேன். ஒன்று தண்ணீருக்குள் நழுவினால் கதை கலாஸ். பெண் பார்க்க வந்தவன் பெண்ணை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் புகை கக்கிப் பிடித்தது. நங்கூரத்தை ஏற்றினோம். "இனிமே இதை மெதுவா ஓட்டக் கூடாது, நின்னுரும்" என்று முத்துராஜ் முழு வேகத்தில் படகைத் திருப்பினார். மெதுவாகப் போக வேண்டிய இடமெல்லாம் பறந்தோம். கரையில் வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டே கூட ஓடிவந்தார். இருபுறமும் பளபளவென்று விலையுயர்ந்த படகுகள். ஒன்றில் உரசினாலும் என் பரம்பரையாலும் நஷ்டஈடு கட்டிமுடிக்க முடியாது.

"படகுத்துறை பக்கத்துல ஆஃப் பண்ணிருவேன். நீங்க கயித்தோட தாவிருங்க!"

முனையில் நின்றேன். எஞ்சினை அணைத்தார். படகுத்துறை வந்தது. தாவினேன், கொஞ்சம் முன்னாடியே.

கண்ணைத் திறந்தால் பச்சை நிறம், வாயெல்லாம் உப்பு. லைஃப் ஜாக்கெட் என்னைத் தக்கை மாதிரி மேலே தூக்கியது. "அப்பா, ஹி டஸின்ட் நோ ஸ்விம்மிங்!" என்று நித்யா அலறியது கேட்டது. வாட்ச்மேன் காலரைப் பிடித்து இழுத்தார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கட்டினார். படகு பக்கத்துப் படகைத் தொடாமல் மயிரிழையில் நின்றது.

படகுத்துறையில் ஒற்றைச் செருப்போடு, சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். முத்துராஜும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். என் பக்கமே திரும்பவில்லை. வசந்தா ஆன்ட்டிதான் துண்டைக் கொடுத்துவிட்டு அவரிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பய முங்கும்போதும் கயித்த விடலங்க."

அடுத்த தையில் கல்யாணம்.

இன்று எங்களுக்கு ஒரு மகள். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலை நெரிசலில் கார் ஆமையாக ஊரும்போதெல்லாம் பின் சீட்டிலிருந்து மாமியார் குரல் வரும்: "தம்பி, மெதுவாப் போறோம். நின்னுராதுல்லா?" மாமனார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்புவார். நித்யா அடக்கவே மாட்டாள். போன வாரம் ஒரு சிக்னலில் மாமியார் கண்ணயர்ந்துவிட்டார். நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். குழந்தை இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்:

"அப்பா, நின்னுராதுல்லா?"