கிட்டாருக்குத் தண்ணீர் ஊற்றியவள்

பதினைந்து வயதில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டமே நம்பியது. அதில் மிக உறுதியாக நம்பியவள் நான்.

நம்பியதில் நியாயமும் இருந்தது. பெல்மதுளைக்குப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போய்ப் படித்து வருவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டுக்கு இங்கிலீஷ் தாள் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். மருந்துப் போத்தல், பிஸ்கட் தகரம், தையல் மெஷினோடு வந்த புத்தகம் எல்லாம். தெரிந்த வரியை மெதுவாக வாசிப்பேன். தெரியாத வரியைச் சத்தமாக வாசிப்பேன். (சத்தமா வாசிச்சா யாரும் குறுக்கே கேள்வி கேக்கமாட்டாங்க. செஞ்சு பாருங்க.)

என் அண்ணன் லிங்கம் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு பால் வெட்டப் போய்விட்டான். காலையில் றப்பர் மரம், சாயந்திரம் கிட்டார். அந்த எலெக்ட்ரிக் கிட்டார், தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குத் திரும்பிய சின்னத்துரையுடையது. பங்களாவில் வேலை செய்த அம்மாவிடம், "உன் பையனுக்குக் கொடு" என்று பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார். அண்ணன் ரேடியோவைக் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகினான். என் அண்ணன் என்பதால் சொல்லவில்லை, நன்றாகவே வாசிப்பான்.

இரத்தினபுரியில் ஒரு இசைக் கோஷ்டி இருந்தது. அதன் மாஸ்டர் ஒரு கல்யாண வீட்டில் அண்ணனைப் பார்த்து, "உங்க தோட்டத்துத் திருவிழாவுக்கு வர்றேன். ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு. நல்லா இருந்தா சேத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் பால்வாளியோடு மலையேறும்போதும் விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். பால்வெட்டிலிருந்து வெளியே வர அவனுக்கு இருந்த ஒரே கதவு அது.

கதவில் ஒரு கோளாறு. யாருடைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாலும் கிட்டாரிலிருந்து கொசுவின் சத்தம்தான் வந்தது. கம்பிகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். அதன் பெயர் பிக்கப். கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். எங்கள் ஊர் மழையில் அது பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போயிருந்தது. நல்ல காலத்துக்கு, கிட்டார்ப் பெட்டியின் மூலையில் பிரிக்காத புதுப் பிக்கப் ஒன்று, நாலாக மடித்த இங்கிலீஷ் தாளோடு கிடந்தது.

"நாங்க பிக்கப் மாத்தப் போறோம்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நான்தான் பெருமையாகச் சொன்னேன். சாயந்திரமே பெரிய கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"பிக்கப்பு வாங்கிறீங்களாமே? வெள்ளிக்கிழமை நம்மளையும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போங்க. முன்னுக்கு உக்கார எடம் வேணும்."

கிட்டாரைக் கொண்டுவந்து காட்டினோம். அதற்குள் எப்படி ஏறுவது என்ற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் சொன்னான்: "பாப்பா, பெல்மதுளை ரேடியோ பாஸ்கிட்ட கொண்டுபோய்க் குடுத்திருவமா? அவரு அஞ்சு நிமிஷத்தில முடிச்சிருவாரு."

பாஸ் என்றால் எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவர். இவர் சிங்களவர், ரேடியோ திருத்துகிறவர். கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுவதும் அவரே.

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"எனக்குத் தெரியும்ல?"

அண்ணன் தோட்டத்து ஸ்டோரிலிருந்து கம்பி ஒட்டக் கொஞ்சம் ஈயம் கொண்டுவந்தான். ஸ்க்ரூட்ரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினான். நான் மணைப்பலகையில் உட்கார்ந்து தாளை விரித்தேன். பிக்கப்பில் இரண்டு கம்பிகள். அதில் "ஹாட்" கம்பியைச் சத்தம் கூட்டுகிற குமிழில் ஒட்டவேண்டும் என்று போட்டிருந்தது.

"சூடான கம்பி" என்று மொழிபெயர்த்தேன். "கம்பியை அடுப்பில காட்டுங்க அண்ணே."

அவனும் காட்டினான். விரலைச் சுட்டுக்கொண்டு, வாயருகே வைத்து ஊதிக்கொண்டு ஒட்டினான். நல்ல வேளையாக அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

அடுத்த வரி: உறையில்லாத கம்பியை "கிரவுண்ட்" செய்யவும்.

"கிரவுண்ட்னா?"

"தரை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அண்ணன் கிட்டாரின் வயிற்றுக்குள் பார்த்தான். "பழைய பிக்கப்போட கம்பி இந்தக் குமிழோட முதுகிலதானே பாப்பா ஒட்டியிருந்திச்சு?"

"அதனாலதான் அது கெட்டுப்போச்சு."

இவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பெரிய கங்காணி வீட்டு ரேடியோவிலிருந்து ஒரு கம்பி முற்றத்து மண்ணுக்குள் போகிறதே என்று சாட்சியும் காட்டினேன். அண்ணன் மடங்கிவிட்டான். பிக்கப்பின் கம்பியோடு இரண்டு யார், அதாவது ஆறடி நீளத்துக்கு வேறு கம்பி முடிச்சுப் போட்டு, கிட்டாருக்கு வெளியே விட்டோம். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அதனால் வாசித்துப் பார்க்கவும் வழியில்லை.

திருவிழா அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. கோயிலுக்கு முன்னால் பலகை மேடை. முன்வரிசை நாற்காலியில் மாஸ்டர், இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டையில். நான் ஒரு அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையைத் தூக்கிவந்து, எல்லோரும் பார்க்க மேடையின் காலடியில் தரையில் குத்தி நிறுத்தினேன். கிட்டாரின் கம்பியை அதில் சுற்றினேன்.

லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த பாஸ் கையை நிறுத்தினார். "மே மொனவத நங்கி?" இது என்ன தங்கச்சி என்று கேட்கிறார்.

"அது இங்கிலீஷ் முறை" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் மேடையேறினான். கம்பி ஆறடிதான். ஓர் அடி பின்னால் போனால் இழுத்தது. மேய்ச்சலுக்குக் கட்டிய ஆட்டைப்போல ஓரமாக நின்று முதல் கம்பியை மீட்டினான். தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாட்டு அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

டோலக் வாசிக்கும் பெருமாள் குனிந்து, "மண்ணு காஞ்சு கெடக்கு. கங்காணி வீட்டு ரேடியோவுக்கு தண்ணி ஊத்துவாங்களே, ஊத்திப் பாரு பாப்பா!" என்றான்.

ஓடினேன். ஒரு வாளி தண்ணீரை அலவாங்கின் அடியில் ஊற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டு மேலே வந்தது! கூட்டம் கைதட்டியது. மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினேன்.

தண்ணீர் மண்ணில் இறங்கியது. பாட்டும் கூடவே இறங்கியது. இன்னொரு வாளி. பாட்டு ஏறியது. மறுபடி இறங்கியது. இப்படியே பீலிக்கும் மேடைக்குமாக நான் ஓட, அண்ணன் வேர்த்து ஒழுக வாசிக்க, பின்வரிசைப் பெண்கள் வாளியை எண்ணத் தொடங்கினார்கள்.

"ஏழு!"

"ஊத்து பாப்பா, இன்னும் கொஞ்சத்தில மொளைச்சிரும்!"

ஒன்பதாவது வாளியில் மண் குழைந்து சேறானது. அலவாங்கு மெதுவாகச் சாய்ந்தது. யாராவது பிடிப்பார்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது முன்வரிசைச் சேற்றில் 'சளப்' என்று விழுந்து, கம்பியைக் கிட்டாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. லவுட்ஸ்பீக்கர் ஒருமுறை அலறி அடங்கியது. மாஸ்டரின் வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை எங்கள் தோட்டத்து மண்.

அவர் திட்டவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பாஸ் கிட்டாரைத் திறந்தார். அறுந்த கம்பியைத் தேடி எடுத்து அந்தக் குமிழின் முதுகில் வைத்து, ஒரு சொட்டு ஈயம் விட்டார். "கிரவுண்ட் கிட்டார் உள்ளே இருக்கு நங்கி. மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லே" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். அண்ணன் மீட்டினான். இரைச்சலே இல்லை. மணி மணியாக விழுந்தது. அப்போது மாஸ்டர் ஏறிய பஸ் வளைவில் திரும்பும் ஹாரன் கேட்டது.

நான் கோயிலுக்குப் பின்னால் போய் அழுதேன். அண்ணன் தேடிவந்து பக்கத்தில் நின்றான். நனைந்த என் பாவாடையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஒம்பது வாளி தூக்கியிருக்க பாப்பா. நம்மம்மா பெத்த புள்ளைங்கள்ல நீதான் பலசாலி."

மாஸ்டர் பிறகு கூப்பிடவே இல்லை. ஆனால் பாஸ் கூப்பிட்டார். அடுப்பில் காய்ச்சிய ஸ்க்ரூட்ரைவரால் இவ்வளவு சுத்தமாக ஈயம் வைத்தவன் யார் என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வரச் சொன்னார். ஒரு வருஷத்தில் அண்ணன் பால்வாளியைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு பெல்மதுளைக்கே போய்விட்டான். இன்று கலவான டவுன்வரைக்கும் ரேடியோ கெட்டால் அவனைத்தான் தேடுகிறார்கள். கிட்டாரும் கடையில்தான் தொங்குகிறது. வேலையில்லாத நேரம் வாசிப்பான். கோஷ்டியில் சேர்ந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தால், சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

நான் இப்போது டீச்சர். இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறேன். (இப்போ டிக்ஷனரி வச்சிருக்கேன்.) போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இங்கிலீஷ் நல்லா வாசிக்குமா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள்.

"சூப்பரா வாசிக்கும்" என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "வீட்டில ஒரு அலவாங்கு மட்டும் இருந்தா போதும்."

அவர்கள் விழித்தார்கள். அண்ணன் முழுக் கதையையும் சொன்னான். இப்போதெல்லாம் அவன் சொல்லும் கணக்கில் வாளி பதினாலாகிவிட்டது. மாப்பிள்ளை தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தேன்.

தையில் கல்யாணம். லவுட்ஸ்பீக்கர் அண்ணனுடைய பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: மணவறைக்கு வரும்போது பொண்ணு கையில் மாலை இருக்கலாம், வாளி இருக்கக்கூடாது.