சுவர் வெடிப்பின் உத்தியோகபூர்வமான அளவு

மாத்தளை நகரில், சுவர் வெடிப்புகளைக் கவனிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இயங்கி வந்தது. பழைய கருங்கல் கட்டடம். அதன் சுவரில் மட்டும் ஒரு கீறல்கூடக் கிடையாது. முன்பெல்லாம் முறைப்பாடு வந்தால் உத்தியோகத்தர் ஒருவர் மலையேறிப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். அது நாகரிகமற்ற முறை என்று கண்டுபிடிக்கப்பட்டு, அலுவலகம் டிஜிட்டல் மயமாகிவிட்டது. இப்போது வெடிப்பைப் பொதுமக்கள்தான் வீடியோவாகக் கொண்டுவர வேண்டும். வீடியோ எடுக்கவும் பார்க்கவும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி, நாடா வெட்டித் திறந்துவைக்கப்பட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது.

சாவி ஆதிபாவிடம் இருந்தது. பட்டம் பெற்று, வெகுகாலம் காத்திருந்து, புதிதாக வேலைக்கு வந்தவள். சத்தமாகப் பேசமாட்டாள் என்பதே அவளுடைய முக்கியத் தகைமையாகக் கருதப்பட்டது.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடொன்றிலிருந்து கிருஷ்ணம்மா கைத்தொலைபேசியோடு வந்தார்.

"லயத்துச் சுவர் வெடிச்சிருச்சுங்க ஐயா. மருமகளுக்கு நெறமாசம். அந்தச் சுவரோரந்தான் படுக்குறா. பெரிய மழைக்கு முன்னாடி வேற எடம் காட்டுங்க. இந்தா, பாருங்க."

உதவிப் பணிப்பாளர் வீரசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க போன்ல பார்த்தா அது உத்தியோகபூர்வமான பார்வை ஆகாதும்மா."

ஆதிபா வீடியோவை அரசாங்கக் கருவிக்கு மாற்றினாள். கருவி மறுத்துவிட்டது. அதற்கு ஏ.வி.ஐ. கோப்பு மட்டுமே தெரியும். கிருஷ்ணம்மாவின் சுவரோ எம்.பி.4.

"பேர மாத்துங்க, மிஸ்," என்றார் வீரசிங்கம். "பின்னாடி இருக்கிற எம்.பி.4ஐ அழிச்சிட்டு ஏ.வி.ஐ.ன்னு போடுங்க."

"சேர், பேர மாத்தினா மூடிதான் மாறும்," என்று ஆதிபா தன் மேசையிடம் சொன்னாள். "பிஸ்கட் டின்னுக்குள்ள மொளகாத்தூள் இருந்தா, மூடியில என்ன எழுதினாலும் அது பிஸ்கட் ஆகாதே."

வீரசிங்கம் யோசித்தார். "நீங்க சொல்றது சரி. சும்மா மாத்தக் கூடாது. முறைப்படி மாத்தணும்."

கிருஷ்ணம்மா சமாதான நீதவானிடம் போனார். எம்.பி.4 என்றும் ஏ.வி.ஐ. என்றும் வழங்கப்படுவது ஒரே சுவர்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்பதால், தான் தான்தான் என்று ஏற்கெனவே சத்தியம் செய்த பழக்கம் அவருக்கு இருந்தது.

பெயர் மாறிய கோப்பைக் கருவி மரியாதையோடு ஏற்றது. திரை இருட்டாகவே இருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. வீரசிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதினார்: "முறைப்பாடு செவிமடுக்கப்பட்டது. வெடிப்பு காணப்படவில்லை. கோழி ஒன்று இருப்பதாகத் தெரிகிறது."

அன்று ஆதிபா கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கணினியில் உண்மையாகவே ஏ.வி.ஐ. ஆக்கினாள். மறுநாள் படம் தெரிந்தது. வீரசிங்கம் சின்னத் திரைமேல் அடிமட்டத்தை வைத்து அளந்தார்.

"மூணு மில்லிமீற்றர். சீமெந்து பூசினா போதும்."

"என் கையே உள்ள போகுதுங்களே ஐயா!"

"படத்துல அந்தக் கையையும் அளந்தேன். கையே ரெண்டு மில்லிமீற்றர்தான். போகத்தான் செய்யும்."

வெளியே வானம் கறுத்திருந்தது. கிருஷ்ணம்மா ஆதிபாவைப் பார்த்தார். ஆதிபா மேசையை விட்டு எழுந்தாள்.

"சேர்... புரொஜெக்டரும் அரசாங்கக் கருவிதானே?"

மறுக்க விதி இல்லை. கூட்ட மண்டபச் சுவரில் படம் விழுந்தது. கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு. வீரசிங்கம் கதிரைமேல் ஏறி அளந்தார். அகலம் இரண்டடி. ஓரடிக்கு மேற்பட்டால் உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்பது சுற்றறிக்கை.

"வெடிப்புள்ள இடம்: அலுவலகக் கூட்ட மண்டபம்," என்று எழுதினார்.

"சேர், அது எல்கடுவச் சுவர்."

"நான் அளந்தது எந்தச் சுவர், மிஸ்? அளந்ததைத்தான் எழுதலாம்."

மாலைக்குள் அலுவலகம் கடைத்தெருவில் ஒரு வாடகை மாடிக்குக் குடிபெயர்ந்தது. கைவிடப்பட்ட கருங்கல் கட்டடத்தை என்ன செய்வது என்று ஆராயப்பட்டது. ஆபத்தான கட்டடத்தில் வசிக்க முன்னனுபவம் உள்ளவர்களுக்கே கொடுப்பதெனத் தீர்மானமாகி, கிருஷ்ணம்மாவின் லயத்துக் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன.

பெரிய மழை பெய்தது. எல்கடுவ லயத்தின் பின்சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. மருமகள் உதவிப் பணிப்பாளரின் பழைய அறையில், ஒரு சொட்டு ஒழுகாத கூரையின் கீழ், பிள்ளையோடு படுத்திருந்தாள்.

வாடகை மாடியில், ஆதிபாவின் கதிரைக்குப் பின்னால் சுவர் வெடித்தது. அவள் கையை விட்டுப் பார்த்தாள். போனது. வீரசிங்கம் அங்கே ஒரு கலண்டரைத் தொங்கவிட்டார். கலண்டரே உள்ளே போகத் தொடங்கியபோது, இருவரும் அரசாங்கக் கருவியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்கு ஓடினார்கள்.

கிருஷ்ணம்மா பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஒரு அறை இருந்தா போதும்மா," என்றார் வீரசிங்கம். "நீங்களே பாருங்க, வெடிப்ப."

"ஐயாட மிசின்ல நான் பார்த்தா அது செல்லுங்களா?" கிருஷ்ணம்மா தன் தொலைபேசியை நீட்டினார். "இதுல போட்டுக் காட்டுங்க. ஆனா இதுல எம்.பி.4 மட்டுந்தான் ஓடும்."

வீரசிங்கம் ஆதிபாவின் பக்கம் திரும்பினார்.

"பேர மாத்துங்க, மிஸ்."