பத்து மைல் போர்டு

தீவகத்திலே சொந்த உழைப்பில் கார் வாங்கிய முதல் ஆட்களில் நானும் ஒருவன். (முதல் ஆளே நான்தான். சண்டை வேண்டாமென்று அப்படி எழுதுகிறேன்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்று லொறிகளுக்கும் ஒரு மில்லுக்கும் முதலாளி. இவ்வளவு கெட்டித்தனம் உள்ள நானே ஒருமுறை மெதுவாகப் போய்க் கெட்டேன்.

அப்போது என் ஒஸ்ரின் கார் ஊர்காவற்றுறை வீதியில் வாடகைக்கு ஓடியது. புளியங்கூடலில் வீதியோரம் அரைச்சுவர் வைத்த பள்ளிக்கூடம். அங்கே அனலைதீவிலிருந்து வந்து படிப்பித்த ஒரு ரீச்சர். முப்பது மைல் வேகத்தில் போனால் சேலையின் நிறம் மட்டும் தெரியும். இருபதில் முகம் தெரியும். பத்தில் போனால்தான் கரும்பலகையில் எழுதுகிற அந்தக் கை, அதிலிருந்த ஒற்றைக் காப்பு, முன்மயிரில் பட்ட சோக்குத்தூள் எல்லாம் தெரியும்.

பள்ளிக்கூடத்தடியில் கார்கள் என்ன வேகத்தில் போகலாம் என்று தீர்மானிக்கக் கிராமசபை கூடியது. அனுபவஸ்தன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

“இருபது காணும்தானே?” என்றார் சேர்மன்.

“பத்து,” என்றேன்.

“பத்திலை மாட்டுவண்டியல்லோ ஐசே போகும்!”

“பிள்ளையளின்ரை உயிர் ஐயா.”

சபையே கைதட்டியது. போர்டும் வந்தது. (மற்றக் காரோட்டிகள் என்னைச் சொன்னதை இங்கே எழுத ஏலாது.)

பார்த்ததோடு சரி, ஒரு சொல் கதைத்ததில்லை. ஒருநாள் அவவின் தகப்பனே என் காரை மறித்தார். ரீச்சருக்கு அனலைதீவுக்கே மாற்றமாம். றங்குப்பெட்டியோடு துறைக்குப் போய் லோஞ்ச் படகைப் பிடிக்க வேண்டுமாம். பின்சீற்றில் அவ, எனக்குப் பக்கத்தில் தகப்பன். துறைக்குப் போகமுன் அவரிடம் பெண் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். வாய் வரவேண்டுமே! போர்டைத் தாண்டியும் பத்திலேயே ஓடினேன். தொண்டையைச் செருமினேன். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை முந்தி, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்.

“தம்பி, காருக்கு ஏதும் வருத்தமோ?” என்றார் தகப்பன்.

“சட்டம் ஐயா.”

பின்சீற்றிலிருந்து குரல் வந்தது. “அண்ணை, சட்டம் பள்ளிக்கூடத்தடியோடை முடிஞ்சுது. கெதியா விடுங்கோ, லோஞ்ச் போயிடும்.”

அண்ணை! அவ என்னிடம் சொன்ன முதற்சொல். பெண் கேட்கும் அலுவல் அதோடு முடிந்தது. பிறகு நான் மிதித்த மிதிக்குக் கார் பறந்தது. ஆனால் துறையில் பிரேக் போடும்போது லோஞ்ச் கரையை விட்டுவிட்டது.

தகப்பன் ஏசிய ஏச்சு துறை முழுக்கக் கேட்டது. கடைசியில் ஒரு மீன்வள்ளக்காரர் அவர்களை ஏற்றினார். ஏறமுன் அவ திரும்பினா.

“பத்து மைல் கேட்டது நீங்களாமே. பிள்ளையளிலை அவ்வளவு பட்சம். நல்லா இருப்பியள் அண்ணை.”

மீன்கூடைகளுக்கு நடுவே றங்குப்பெட்டி, அதன்மேல் அவ. வள்ளம் பத்து மைலிலும் மெதுவாகத்தான் போனது. எனக்கு அதுவும் வேகமாகத்தான் இருந்தது.

என்னை முந்திய சைக்கிள்காரர் பிறகு எனக்கு மாமனார் ஆனார். கதை அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. (மிச்சத்தை நானே உளறினேன்.) இன்று அரைச்சுவரை உயர்த்திவிட்டார்கள். உள்ளே ஒன்றும் தெரியாது. போர்டும் துருப்பிடித்துவிட்டது. ஆனாலும் அவ்விடம் வந்தால் என் கால் தானாகவே பிரேக்கில் போய் இருக்கும். பின்சீற்றில் பிள்ளைகள் பொறுமை இழந்து கத்துவார்கள். என் மனைவி திரும்பாமலே சொல்வாள்:

“கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள். கொப்பர் இன்னும் போர்டை வாசிச்சு முடியேல்லை.”