அட்மிட் பண்ணச் சொன்னாள் பேத்தி, ஆட்டோ கூப்பிட்டேன் நான்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு.

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கச்சி தனக்கோடிக்கு, அக்கா எல்லம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கஷ்டம் வந்தால் உடனே எனக்குச் சொல்லியனுப்புவாய், நல்லது நடந்தால்தானே என்னை மறப்பாய். உன் மகன் கல்யாணத்துக்கு நான் வந்த பஸ் லேட்டாகி, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று மண்டப வாசலிலேயே என்னை நிறுத்தி வைத்ததும், உள்ளே நீங்கள் பல்லைக் காட்டிக் குடும்ப போட்டோ எடுத்துக்கொண்டதும், அதில் நீ கட்டியிருந்த அரக்கு பார்டர் புடவையும் எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசவில்லை. பேத்தி தாரணி விஷயத்தை வேறு யாராவது உன்னிடம் கோணலாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி லைப்ரரி வேலைக்கான பெரிய படிப்பு படிக்கிறாள் அல்லவா, அவள் காலேஜ் பக்கம் போவதே கம்மி. வாத்தியார் கம்ப்யூட்டரில், லைப்ரரி கம்ப்யூட்டரில், கடைசிப் பரீட்சையும் அதிலேயே, வாயால் பதில் சொல்ல வேண்டுமாம். தேறினால் ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலை காத்திருக்கிறது. கோட்டை விட்டால் அந்த நாற்காலியில் வேறு எவளாவது உட்கார்ந்துவிடுவாள். "ஆயா, இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத. மாடியிலதான் நெட்டு நல்லா வருது" என்று லேப்டாப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் வாயைத் திறக்காமல் கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன் தனக்கோடி. மேலேயிருந்து போனில் அலறுகிறாள்: "சார், என்னை இன்னும் அட்மிட் பண்ணல சார்! ரொம்ப நேரமா வெளியவே நிக்கிறேன்! சீக்கிரம் அட்மிட் பண்ணச் சொல்லுங்க, இல்லாட்டி என் கதை முடிஞ்சுது!" அட்மிட் என்றால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு என்ன? உன் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறியபோது நீ இதே வார்த்தையைச் சொல்லித்தானே அழுதாய், நான் கிடைத்த பஸ்ஸில் ஓடி வரவில்லையா? (ஒரு வாய் காபி கொடுக்கவில்லை நீ. சரி, விடு.)

"ஐயோ, என் பொண்ண எங்கயும் சேத்துக்க மாட்டேங்கிறாங்களே!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோவிந்தப்பா முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்து, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். "ஏனாய்த்து எல்லம்மா?"

"அட்மிட் மாடல்வந்தே!" என்றேன், பண்ணமாட்டார்களாம் என்று.

"யாவனு மாடல்ல அந்தானே, நான் நோட்தீனி!" என்று, எவன் மாட்டேன் என்கிறானென்று பார்த்துவிடும் வேகத்தில், நுரைக்குள்ளேயே மீசையை முறுக்கிக்கொண்டு மாடியேறினார். அதற்குள் ஆட்டோக்காரத் தியோடர், "வண்டி ரெடி, இட்டாங்க ஆயா!" என்று பின்னாலேயே வந்துவிட்டான். மேலே போனால் தாரணி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் தலையில் ஈரத்துணியைப் போட்டு, புருவம் வரைக்கும் விபூதி பூசினேன். கோவிந்தப்பா அவளை நாற்காலியோடு தூக்கினார்.

"ஆயா, விடு! இது வைவா!"

"யாரு வைவா? ஒருத்தியும் வையமாட்டா, நான் இருக்கேன், வா!"

அந்தப் பரீட்சைக்குப் பேரே வைவாவாம், அட்மிட் என்றால் கம்ப்யூட்டர் மீட்டிங்குக்குள் விடுவதாம், அதற்குள் விட்டும்விட்டார்களாம். இதை எனக்கு யார் சொன்னார்கள்? அப்போதுதான் தியோடர் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தான். மூன்று சார்கள் சதுரம் சதுரமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே பேருக்கு முன்னால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "ஆயா, டாக்டருங்க மூணு பேரும் இங்கயே கீறாங்க!" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "குத்துக்கல்லாட்டம் வேடிக்க பாக்குறீங்களே, ஒரு ஊசி போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். தப்பா, நீயே சொல்.

நடு சதுரத்து சார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்மா, உங்க ஆய்வு எதப் பத்தி?" என்றார். அந்தரத்தில் தொங்கும் நாற்காலியிலிருந்து தாரணி அழுகிற குரலில் சொன்னாள்: "வீட்டுலருந்து இணைய வகுப்பும் லைப்ரரியும் பயன்படுத்துற மாணவர்களுக்கு வர்ற இடையூறுகள், சார்."

"ஒரு உதாரணம் சொல்லுங்க."

திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூன்று சதுரமும் குலுங்கக் குலுங்கச் சிரித்தன. அப்புறம் அவளைக் கீழே இறக்கி, நிறையக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் விபூதியோடு டாண் டாண் என்று பதில் சொல்லிப் பாஸாகிவிட்டாள்.

சந்தோஷம்தான். ஆனால் இடையூறு என்றதும் வளர்த்த ஆயாவைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை உன் அரக்கு பார்டருக்குப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி இணையம் கிணையம் எதுவும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. உன் பேரனையும் அதில் தள்ளாதே. பேச வேண்டுமென்றால் மனுஷர்கள் மாதிரி கடுதாசி போடு. உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யார் வாசலிலும் காத்து நிற்காமல் நல்லபடி வாழட்டும்.

இப்படிக்கு,
உன்னை எப்போதோ மன்னித்துவிட்ட அக்கா,
எல்லம்மா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தாரணி என் போனிலேயே அந்த மீட்டிங் வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பிரமாதமாக இருக்கிறது. அவள் பாஸானதற்காக, வருகிற பௌர்ணமி அன்று காலையில் சொந்தபந்தம் எல்லோரையும் அதில் கூப்பிட்டிருக்கிறேன். குடும்ப போட்டோவும் அதிலேயே எடுக்கலாமாம். உன் பேரன் போனுக்கு லிங்க் வந்திருக்கும், அரக்கு பார்டரைக் கட்டிக்கொண்டு நேரத்தோடு வந்து நில். அட்மிட் பண்ணுகிற பட்டன் என் கையில்தான் இருக்கிறது. கட்டாயம் பண்ணுவேன், போட்டோ எடுத்து முடிந்ததும்.