‘இ’ உட்கார்ந்த இடம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே அவள் நலம் என்பதை நேற்று போனில் என்னைத் திட்டிய குரலிலேயே தெரிந்துகொண்டேன்.

கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தவள் என்ன சொன்னாளோ, என் பக்கத்தையும் கேளுங்கள். அரசாங்க நோட்டு அச்சகத்தில் படம் வரைகிறவன் நான். புது ஆயிரம் நோட்டுக்குத் தலையில் கதிர்க்கட்டோடு ஒரு பெண் வேண்டும் என்றார்கள், வீட்டிலேயே ஒருத்தி இருக்க வெளியே எதற்குத் தேடுவது என்று அவளையே நிற்க வைத்து வரைந்தேன். அவளும் தையற்காரியிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாரிடமும் நோட்டில் வரப்போவதாகச் சொல்லி வைத்தாள். நான் வரைந்து முடிப்பதற்குள் விலைவாசி ஏறி, ஆயிரத்துக்கு ஒரு சோப்புக்கூட வராது, பத்தாயிரமாக்கு என்று மேலாளர் வந்து நின்றார். சைபருக்கு இடம் வேண்டுமே, கதிர்க்கட்டை எடுத்தேன். மை காய்வதற்குள் சோப்பு மறுபடி ஏறிவிட்டது, இன்னொரு சைபர், வலது கை போயிற்று. முகமாவது மிஞ்சியதே என்று பெருமூச்சு விட்டால், மொழி ஆலோசகர் வந்து, தமிழ்ச் சொல் ‘ல’வில் தொடங்கக் கூடாது, ‘லட்சம்’ தப்பு, ‘இலட்சம்’ என்று போடு என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்த ‘இ’யை நான் எங்கே உட்கார வைப்பேன்? அவள் முகம் இருந்த இடத்தில்தான் வைத்தேன்.

நோட்டு வெளிவந்ததும் பல் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். இவள் இடது முழங்கையைக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, “என் மூஞ்சியவிட உங்களுக்கு முட்டை பெருசாப் போச்சா? நான் இருந்த எடத்துல ஒரு ‘இ’ உக்காந்து இளிக்குது” என்றாள். முட்டை போடுவது நிதி அமைச்சகம், அடைகாப்பது மட்டும்தான் நான் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் புகைப்படங்களைக்கூடச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, மச்சான். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி உடனே அனுப்பி வையுங்கள். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் சோப்பு வாங்கும் வசதியோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். அரசாங்கம் நாலு சைபரை வெட்டிவிட்டதாம், இனி அது வெறும் பத்து நோட்டு. ‘இ’யும் ஒழிந்தது, முகத்துக்குத் தாராளமாக இடம், கையோடு வரைந்து கொடு என்றார். அவள் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, கோபமில்லாத முகம் எனக்கு நினைவுக்கும் வரவில்லை. சுவரில் மிஞ்சியது உங்கள் படம்தான். மீசையை எடுத்துவிட்டுக் கதிர்க்கட்டை வைத்தேன். ஒப்புதல் கிடைத்து, அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். கைச்செலவுக்குக் கேட்டால் சில்லறையாகவே கொடுங்கள்.