சாம்பிராணிக்காரன் அடைக்காமல் விட்ட ஓட்டை

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? அடுப்பில் சோறு கொதிக்கிறது, படியில் பனி முழங்காலளவு கிடக்கிறது. அதைத் தள்ள ஒரு கை கொடுக்காமல், "உங்கட வீட்டுக்கு வந்து போன அந்த இத்தாலிப் பெடியன் ஆர்? ஏன் அவனுக்குச் சாம்பிராணிக்காரன் எண்டு பேர்?" என்று ஊர்வம்பு விடுப்புக் கேட்க வந்துவிட்டீர்கள். கேட்கிற உங்களுக்கே வெட்கமில்லை என்றால், சொல்கிற எனக்கு என்ன வெட்கம்? இருங்கள், சொல்கிறேன்.

மொன்றியலில் குளிரைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் குளிர் எந்த வழியால் வீட்டுக்குள் வருகிறது என்று அதன் பின்னாலேயே துப்பறியப் போன ஒரே மனிதப் பிறவி சாம்பிராணிக்காரன்தான். காற்றைக் கள்ளனைப் போலக் கையும் களவுமாகப் பிடித்தவன் இந்த உலகத்தில் வேறு யாரும் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்.

நான் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கு என்னைவிட வயது கூட. அதற்கும் எனக்கும் ஒரே வருத்தம்: மூட்டுக்கு மூட்டுக் காற்று. குளிர்காலத்தில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் நான் சமைப்பது. ஒருநாள் அந்தக் கோலத்தில் நான் தோசை சுடுவதை என் மகன் குமரன் பார்த்துவிட்டான்.

"அம்மா, கடைசியாச் சொல்லுறன். வாற குளிருக்குள்ள இந்த வீடு சூடாகாட்டி நீங்கள் எங்களோட டொலார்ட்டுக்கு வந்திட வேணும். ஓமோ?"

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவனுக்குப் பெரிய வீடு. மருமகளும் தங்கமான பிள்ளை. ஆனால் அங்கே கத்தரிக்காய் வாங்கவும் கார், கோயிலுக்கும் கார், யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டுமென்றாலும் கார். எனக்குக் கார் ஓடத் தெரியாது. இங்கே என்றால் நடந்தே சந்தைக்குப் போய், தக்காளிக்காரனோடு ஒருமுறை கொழுவிவிட்டு, மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடுவேன். டொலார்ட்டுக்குப் போவதும் என் இரண்டு காலையும் கழற்றி அலுமாரிக்குள் வைப்பதும் ஒன்றுதான்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஓர் இத்தாலிக் கிழவர். அவருடைய சொந்தக்காரப் பெடியன் இத்தாலியில் கட்டிடக் கலை படித்துவிட்டு, கூடப் படித்த இரண்டு சிநேகிதர்களோடு இங்கே வந்து தொழில் நடத்த ஒரு கந்தோர், அதுதான் அலுவலகம், திறந்திருந்தான். பூமியைச் சூடாக்காமல் வீட்டைச் சூடாக்குவதுதான் மூவருக்கும் தொழில். கிழவர் அவர்களுடைய முதல் வேலையாக என் வீட்டைக் கொடுத்தார். சரிவந்தால் பெடியனுக்குப் பெயர், பிழைபோனால் குளிர் மேல்வீட்டுக் கிழவிக்குத்தானே!

பனி உருகுகிற நேரம் அவன் வந்தான். அவன் பேச்சு பிரெஞ்சும் இங்கிலிசும் இரண்டு கையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ். ஹோட்டலில் அறை துடைத்துப் படித்த என் பிரெஞ்சால் அதை வடிகட்டி, உங்களுக்குத் தமிழில் தருகிறேன். என்னை அவன் 'நோன்னா' என்று கூப்பிட்டான். கொழும்புப் பெரிய வீடுகளில் எசமானியை நோனா என்பார்கள் அல்லவா, நானும் அப்படியென்று நினைத்து நிமிர்ந்து நடந்தேன். இத்தாலிக்காரர் கிழவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நடை பழகிவிட்டது.

காற்றுப் பிடிக்கப் புகை வேண்டும். அவன் கொண்டுவந்த புகைக்குச்சி முடிந்துபோயிருந்தது. பையைக் கவிழ்த்துத் தேடியவன், என் சாமித்தட்டைப் பார்த்தான்.

"நோன்னா, அந்தச் சாம்பிராணிக் குச்சியில ஒண்டு தாங்கோ."

அதைக் கொளுத்தி, யன்னல் ஓரம், கதவு ஓரம், மின்சாரம் செருகுகிற ஓட்டை என்று ஒவ்வொன்றுக்கும் மெல்ல மெல்லக் காட்டிக்கொண்டு போனான். கண் இமைக்கவில்லை. நான் என்ன நினைப்பேன்? இத்தாலியில் வீடு திருத்த முதல் இப்படிப் பூசை செய்வது வழக்கமாக்கும் என்று மணியை எடுத்து ஆட்டிக்கொண்டு பின்னால் போனேன். புகை வளைகிற இடத்தில் அவன் நிற்பான். அவன் நின்றால் நான் பலமாக ஆட்டுவேன். அவன் வெண்கட்டியால் சுவரில் ஒரு பெருக்கல் குறி போடுவான். வீடு முழுக்க இப்படி ஊர்வலம் போய் முடிந்த பிறகுதான் கேட்டான்.

"நோன்னா, இந்த மணி என்னத்துக்கு?"

"சாமி வாறதுக்கு."

"நல்லது. சாமி வரட்டும். குளிரை மட்டும் நான் மறிக்கிறன்."

அன்றைக்குத்தான் அவன் சாம்பிராணிக்காரன் ஆனான்.

ஜூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள், தெருவெல்லாம் கட்டிலும் கதிரையும் கிடக்கும். அன்று சாம்பிராணிக்காரன் சைக்கிளில் ஒரு வண்டிலைக் கட்டிக்கொண்டு, ஆட்கள் எறிந்துவிட்டுப் போன பழைய யன்னல்களைப் பொறுக்கிவந்து எங்கள் பின்வளவில் அடுக்கினான்.

"எடேய், கடையில புது யன்னல் இல்லையே?"

"இருக்கு நோன்னா. ஆனா புதுசு செய்யத் திரும்ப எவ்வளவு நெருப்பு எரிக்கவேணும்? இதுக்கு எரிக்கிறதை எப்பவோ எரிச்சு முடிச்சாச்சு."

"அப்ப என்னையும் ஏத்து. நானும் பழசுதான்."

"உங்களை ஆரும் எறியட்டும், பொறுக்க நான் வாறன்."

பிறகு சுவருக்குள் ஆட்டு ரோமம் அடைக்கிற வேலை. மூன்று இத்தாலியர் ஒரு சுவரைப் பற்றிக் கதைப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு கைகளும் காற்றைக் கிழித்தன. இரத்தம் பார்க்காமல் ஓயமாட்டார்கள் என்று கத்தியெல்லாவற்றையும் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். விசாரித்தால், ரோமம் நாலு விரல் தடிப்போ ஐந்து விரல் தடிப்போ என்பதுதான் வழக்கு. எங்கள் ஆட்கள் சீதனக் காணிக்குக்கூட இப்படி அடிபட்டதில்லை.

இடையில் ஒருநாள் அவன் கொப்பியும் பேனையுமாக வந்து உட்கார்ந்தான்.

"நோன்னா, குசினியில வழமையா என்ன சமைப்பீங்கள்?"

இங்கேதான் நான் சறுக்கினேன். வாடகை வீட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் மிளகாய்த்தூளுக்கு வறுப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். செத்தல் மிளகாய் தாச்சியில் விழுந்தால் மூன்று வீட்டுக்கு இருமல். அதனால் விரதக்காரி போல முகத்தை வைத்துக்கொண்டு, "சும்மா சோறும் ஒரு பருப்பும்" என்றேன். பாவம், அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

குளிருக்கு முன்னமே வேலை முடிந்தது. எல்லா ஓட்டையையும் அடைத்தவன், குசினிச் சுவரில் மட்டும் புதிதாக ஒரு வட்ட ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு சின்ன விசிறியும் வலையும் வைத்தான்.

"இது வீட்டின்ர மூக்கு. இதை மட்டும் மூடாதேங்கோ."

தை மாதம் வந்தது. வெளியே குளிர் மனிதரைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குள் நூல் சீலையோடு உலாவினேன். ஒரு சனிக்கிழமை காலை, வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல வருவதாகக் குமரன் அறிவித்தான். அவனுக்குக் கொடுத்துவிடத் தூள் இல்லை. அப்போது என் மூளை வேலை செய்தது. காற்றுப் போகாத வீட்டில் மணம் எப்படிப் போகும்? கீழ்வீட்டுக் கிழவர் முறையிட வழியே இல்லை. போனால் அந்த மூக்கால்தான் போகும். பழைய ஊதாப்பூச் சீலையில் ஒரு துண்டைக் கிழித்து மூக்கை அடைத்துவிட்டு, தாச்சியை அடுப்பில் வைத்தேன்.

நான் நினைத்தது சரி. ஒரு துளி மணம்கூட வெளியே போகவில்லை. எல்லாம் என்னோடேயே நின்றுவிட்டது.

புகைமணி கூவத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த குமரன் 'அம்மா' என்று கூப்பிட வாயெடுத்தான். 'அ' மட்டும் வந்தது, மிச்சம் முழுக்க இருமல். அடுப்பை நிறுத்திவிட்டு, நான் அவனுடைய ஜாக்கெட்டுக்குள்ளும் அவன் எதற்குள்ளும் இல்லாமலும் வெளியே இரும்புப் படியில் நின்று நடுங்கினோம். கிழவர் கூப்பிட்டு ஓடிவந்த சாம்பிராணிக்காரன் உள்ளே போனான். போனவன் வரவில்லை. ஆள் முடிந்தான் என்று எட்டிப் பார்த்தால், கண்ணால் தண்ணீர் ஓட ஓட, சுவர் சுவராகத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

"நோன்னா! இவ்வளவு புகை! ஒரு இடத்தாலயும் வெளியில போகேல்ல! ஒரு ஓட்டையும் இல்லை!"

குமரன் வெடித்தான். "விசரன்! உன்ர பரிசோதனைக்கு என்ர அம்மாவோ எலி? இந்த வேலையின்ர வடிவை நான் ஊருக்கே சொல்லுறன். இனி ஒருத்தரும் உன்னை வீட்டுப் படி ஏத்தாயினம். அம்மா, உடுப்பை எடுங்கோ, வெளிக்கிடுவம்."

சாம்பிராணிக்காரன் குசினிச் சுவரடிக்குப் போனான். மூக்குக்குள் விரலை விட்டு இழுத்தான். ஊதாப்பூ எட்டிப் பார்த்தது. அவன் சீலைத் துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் முகட்டைப் பார்த்தேன். ஒரு சொல் சொன்னால் அவன் தப்பிவிடுவான், நான் டொலார்ட்டில்.

குமரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டைச் சுருட்டித் தன் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"பிழை என்ரதான். இந்த வீட்டில என்ன சமைக்கினம் எண்டு நான் சரியா விசாரிக்கேல்ல. பாஸ்தா அவிக்கிற வீடு எண்டு நினைச்சுப் படம் கீறிப்போட்டன். மாசி முடியுமட்டும் தவணை தாங்கோ."

ஊரையே வாங்குகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. குமரன் முணுமுணுத்துக்கொண்டு தவணை கொடுத்தான்.

ஜூலையில் பொறுக்கியதில் மிஞ்சிப் பின்வளவில் கிடந்த யன்னல்கள் அத்தனையும் பின் பல்கனியில் ஏறின. கண்ணாடி அறை ஒன்று முளைத்தது. உள்ளே எனக்கு ஒரு சின்ன மின்அடுப்பு, புகை போக மேலே திறக்கிற யன்னல், குசினிப் பக்கம் இறுக்கிச் சாத்துகிற கதவு. என்னை அங்கே மிளகாய் வறுக்கச் சொல்லிவிட்டு, அவன் சாம்பிராணிக் குச்சியோடு பக்கத்தில் இருந்து அழுது அழுது கணக்கெடுத்தான். மூன்று தரம் வறுத்தோம். மூன்று தரமும் அழுதான்.

மாசிக் கடைசியில் குமரன் வந்தான். வெளியே பனி, கண்ணாடிக்குள் நல்ல வெயில். ஜாக்கெட்டைக் கழற்றினான், சுவெட்டரைக் கழற்றினான், தேத்தண்ணியைக் குடித்தான், கதிரையிலேயே நித்திரையாகிப்போனான். எழும்பிச் சொன்னான்:

"அம்மா, இஞ்சயே இருக்கலாம்போல கிடக்கு."

"ஆர், நீயோ நானோ?"

"நீங்கள்தான். நான் சனிக்கிழமையில நித்திரை கொள்ள வாறன்."

சாம்பிராணிக்காரன் இப்போது வேறொரு நகரத்தில் வேறு யாருடைய வீட்டிலோ காற்றுப் பிடிக்கிறான். போவதற்கு முன் ஒருநாள் வந்து, அந்த ஊதாப்பூத் துண்டை நாடாவாக வெட்டி, சுவர் மூக்கின் வலையில் கட்டிவிட்டுப் போனான். அது ஆடினால் வீடு மூச்சு விடுகிறது என்று அர்த்தமாம். ஆடாவிட்டால் என்ன காரணம் என்று உங்களுக்குத்தான் தெரியுமே என்று கண்ணைச் சிமிட்டினான், கள்ளன்.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பரமேசும் இன்னும் இரண்டு பேரும் வீடு பார்க்க வந்தார்கள். சுவரைத் தடவினார்கள், கண்ணாடி அறையில் இருந்து பார்த்தார்கள். பிறகு பரமேசின் கண் குசினிச் சுவரில் நின்றது.

"என்னக்கா, இவ்வளவு வடிவான வீட்டில ஒரு கந்தல் தொங்குது? கழட்டி எறியுங்கோவன்."

"தொடாதை பிள்ளை" என்றேன். "அது நான் செய்த பிழை. என்ர மகன்ர கண்ணில படாமல் அதைப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு போன சாம்பிராணிக்காரன், தோய்ச்சுக் கொண்டந்து கட்டிவிட்டிருக்கிறான். அது ஆடட்டும்."